பிரேக் போட்ட வண்டியின் எதிர் முடுக்கம்: கணக்கிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

"மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் பஸ், பிரேக் போட்டதும் 40 மீட்டர் ஓடி நிற்கிறது. அதன் எதிர் முடுக்கம் என்ன?"

என்னிடம் டியூஷன் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாள். சூத்திரம் சரி. பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. விடை மட்டும் 45 மீ/வி².

"இந்த பஸ்ல நீ நின்னுட்டு வந்தா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன்.

"விழுந்துடுவேன் சார்."

"விழமாட்டே. முன் கண்ணாடியை உடைச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு முன்னாடி போயிட்டிருப்பே."

மாடியிலிருந்து ஒரு கல்லைப் போட்டால், ஒவ்வொரு விநாடிக்கும் அதன் வேகம் 9.8 மீ/வி கூடும். புவியீர்ப்பு முடுக்கம் என்று நாம் படிப்பது அதைத்தான். 45 என்பது அதைப்போல நாலரை மடங்கு. ரப்பர் டயரில் ஓடும் எந்த பஸ்ஸும் அப்படி நிற்க முடியாது. அவள் செய்த பிழை சின்னதுதான்: 60 என்ற எண்ணை அப்படியே சூத்திரத்தில் போட்டுவிட்டாள். சரியான விடை சுமார் 3.5 மீ/வி².

பாடப்புத்தகம் சூத்திரத்தைக் கொடுத்துவிடுகிறது. வந்த விடை நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்கத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு விடையையும் 9.8 என்ற எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டே போகப் போகிறோம். சாலையில் ஓடும் சாதாரண வண்டிக்கு அதைத் தாண்டிய விடை வந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து பாருங்கள்.

முதலில் சொல்லை சரிசெய்துகொள்வோம்

வேகம் எந்த வீதத்தில் மாறுகிறது என்பதுதான் முடுக்கம். வேகம் குறைந்துகொண்டே வந்தால் எதிர் முடுக்கம். இலங்கைப் பாடநூல்களில் இதற்கு அழகான இணைச்சொற்கள் உண்டு: வேகம் கூடினால் ஆர்முடுகல், குறைந்தால் அமர்முடுகல். அங்கே கதி என்பதை இங்கே வேகம் என்போம். அங்கே வேகம் என்பதை இங்கே திசைவேகம் என்போம். இரண்டு ஊர்ப் புத்தகத்தையும் வைத்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நேர்க்கோட்டில் போய் நிற்கும் வண்டியைப் பற்றி மட்டும் பேசுவதால், இந்தக் கட்டுரையில் எளிமையாக 'வேகம்' என்றே எழுதுகிறேன்.

எதிர் முடுக்கம் 5 மீ/வி² என்றால் ஒவ்வொரு விநாடியிலும் வண்டி 5 மீ/வி வேகத்தை இழக்கிறது. 20-ல் வந்தது ஒரு விநாடி கழித்து 15, அடுத்து 10, அப்புறம் 5, அப்புறம் நின்றுவிடும்.

கழித்தல் குறியைப் பற்றி ஒரு வார்த்தை. "முடுக்கம் −5 மீ/வி²" என்று எழுதலாம். "எதிர் முடுக்கம் 5 மீ/வி²" என்றும் எழுதலாம். இரண்டையும் சேர்த்து "எதிர் முடுக்கம் −5" என்று எழுதினால், வண்டி வேகம் கூடிப் பறக்கிறது என்று பொருளாகிவிடும். இன்னொன்று: கழித்தல் குறி வந்தாலே வேகம் குறைகிறது என்றும் முடிவுகட்டக் கூடாது. முன்பக்கத்தைக் கூட்டல் திசை என்று வைத்தால், ரிவர்ஸில் வரும் வண்டியை பிரேக் போட்டு நிறுத்தும்போது முடுக்கம் கூட்டல் குறியோடுதான் வரும்.

படி 1: கி.மீ./மணியை மீ/வி ஆக மாற்றுங்கள்

ஒரு கிலோமீட்டர் 1000 மீட்டர், ஒரு மணி 3600 விநாடி. 1000/3600 சுருங்கினால் 5/18. ஆக மணிக் கணக்கில் உள்ள வேகத்தை 5-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் விநாடிக் கணக்கு கிடைக்கும்.

18 கி.மீ. என்றால் 5 மீ/வி. 36 என்றால் 10. 54 என்றால் 15. 72 என்றால் 20. 90 என்றால் 25. 108 என்றால் 30. தேர்வுத்தாளில் 54, 72, 90 என்று விநோதமான வேகங்கள் அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுதான். கேள்வி தயாரிப்பவரும் மனிதர்தானே, அவருக்கும் முழு எண் வந்தால்தான் நிம்மதி. 60 கி.மீ. என்றால் 16.67 மீ/வி.

அந்த மாணவி தவறவிட்டது இந்த ஒரு படியைத்தான். வேகம் சூத்திரத்தில் வர்க்கமாக வருவதால் பிழையும் வர்க்கமாகப் பெருகிவிட்டது. 3.6 மடங்கு தவறு, 3.6 × 3.6, அதாவது சுமார் 13 மடங்கு ஆகிவிட்டது.

படி 2: எது தெரியும், எது தெரியாது?

இந்தக் கணக்குகளில் வரும் அளவுகள் ஐந்தே ஐந்துதான்: தொடக்க வேகம், இறுதி வேகம், முடுக்கம், தூரம், நேரம். வகுப்பில் யூ, வி, ஏ, எஸ், டி என்று சொல்வோமே, அவைதான். இவற்றில் மூன்று தெரிந்தால் மற்ற இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வியைப் படித்ததும் சூத்திரத்தைத் தேடாதீர்கள். ஐந்து அளவுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, தெரிந்ததற்கு நேரே எண்ணைப் போடுங்கள். "வண்டி நின்றது" என்றிருந்தால் இறுதி வேகம் 0. கேள்வியில் எண்ணாக இல்லாமல் சொல்லாக ஒளிந்திருப்பதால் பலர் கோட்டைவிடும் இடம் இது. பிறகு, கேள்வியில் பேச்சே இல்லாத அளவு எது என்று பாருங்கள். நேரத்தைப் பற்றி மூச்சே இல்லையென்றால் நேரம் வராத சூத்திரம்தான் உங்களுக்கு வேண்டியது.

இந்தச் சூத்திரங்கள் எல்லாமே முடுக்கம் மாறாமல் ஒரே அளவில் இருக்கிறது என்ற அனுமானத்தில் நிற்பவை. நிஜ பிரேக் அப்படி நடந்துகொள்வதில்லை. கால் மெல்ல அழுந்துகிறது, கடைசியில் டிரைவர் கொஞ்சம் தளர்த்துகிறார். எனவே நாம் கண்டுபிடிப்பது சராசரி எதிர் முடுக்கம் என்பதை மனதில் வையுங்கள்.

படி 3: நேரம் தெரிந்தால்

எதிர் முடுக்கம் = (தொடக்க வேகம் − இறுதி வேகம்) ÷ நேரம்

54 கி.மீ. வேகத்தில் வரும் டவுன் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து பிரேக் போட்டு 6 விநாடியில் நிற்கிறது. 15-ஐ 6-ஆல் வகுத்தால் 2.5 மீ/வி². புவியீர்ப்பில் கால் பங்கு. நம்பலாமா? நம்பலாம். கம்பியைப் பிடிக்காதவர்கள் தடுமாறுவார்கள், கண்டக்டர் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல சில்லறை எண்ணிக்கொண்டிருப்பார். மெட்ரோ ரயில் நிலையத்துக்குள் வந்து நிற்பது 1 மீ/வி² அளவில். அதனால்தான் அங்கே கைப்பிடி இல்லாமலும் நின்றுவிடலாம்.

சராசரி என்று சொன்னேனே, அதற்கு இன்னும் பெரிய உதாரணம் உண்டு. 1954 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் உள்ள ஹாலோமன் விமானப்படைத் தளத்தில், ஜான் ஸ்டாப் என்ற மருத்துவ அதிகாரி ராக்கெட் பொருத்திய தண்டவாள வண்டியில் தன்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மனித உடல் எவ்வளவு எதிர் முடுக்கத்தைத் தாங்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம். வண்டி மணிக்கு சுமார் 1017 கி.மீ. வேகத்தைத் தொட்டு, பிறகு 1.4 விநாடியில் நின்றது. நம் சூத்திரத்தில் போடுவோம்: 1017 × 5/18 = 282.5 மீ/வி. அதை 1.4-ஆல் வகுத்தால் சுமார் 202 மீ/வி². புவியீர்ப்பைப்போல 20 மடங்கு. ஆனால் அன்று பதிவான உச்ச அளவு 46.2 மடங்கு. கணக்கும் சரி, கருவியும் சரி. சராசரி 20 இருக்கும்போதே ஏதோ ஒரு நொடித்துளியில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் போயிருக்கிறது. ஸ்டாப் பிழைத்துக்கொண்டார்; கண்ணில் ரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வை தெரியவில்லை.

9.8-ஐத் தாண்டினால் தவறு என்று சொன்னேனே என்று கேட்பீர்கள். அந்த வண்டியை நிறுத்தியது டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வு அல்ல. தண்டவாளங்களுக்கு நடுவே தேக்கி வைத்திருந்த தண்ணீர்.

படி 4: தூரம் தெரிந்தால்

எதிர் முடுக்கம் = (தொடக்க வேகம்² − இறுதி வேகம்²) ÷ (2 × தூரம்)

மனப்பாடம் செய்ததை மறந்துவிட்டாலும் இதைத் திரும்ப உருவாக்கிவிடலாம். 72 கி.மீ., அதாவது 20 மீ/வி வேகத்தில் வரும் கார் 40 மீட்டரில் நிற்கிறது. வேகம் 20-லிருந்து 0-க்குச் சீராக இறங்குகிறது என்றால் சராசரி வேகம் 10. சராசரியாக 10 மீ/வி வேகத்தில் 40 மீட்டர் போக 4 விநாடி. 4 விநாடியில் 20 மீ/வி வேகம் போயிருக்கிறது, ஆகவே 5 மீ/வி². சூத்திரத்தில் போட்டாலும் 400 ÷ 80 = 5. இந்தச் சராசரி வேக வழியைத்தான் நான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பது கண்ணெதிரே தெரிகிறது.

அதே காரை விநாடி விநாடியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் விநாடியில் 17.5 மீட்டர், இரண்டாவதில் 12.5, மூன்றாவதில் 7.5, கடைசியில் 2.5. எல்லாவற்றையும் 2.5-ஆல் வகுத்தால் 7, 5, 3, 1. ஒற்றைப்படை எண்கள் இறங்குவரிசையில் நிற்கின்றன. சீராக வேகம் கூடும் பொருள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தூரம் கடக்கும் என்று கலிலியோ 1638-ல் வெளியான நூலில் காட்டினார். பிரேக் போட்ட கார் அதே வரிசையைத் தலைகீழாக ஒப்பிக்கிறது.

இதில் பயப்பட வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நிற்க ஆகும் 4 விநாடியில் பாதி, அதாவது 2 விநாடி முடியும்போது, 40 மீட்டரில் 30 மீட்டர் ஓடி முடிந்துவிட்டது. "பாதி நேரம் பிரேக் பிடித்துவிட்டேன், இன்னும் பாதித் தூரம் இருக்கும்" என்று நினைத்தால் போச்சு.

முழுவதும் நிற்காத கணக்கும் இதே சூத்திரத்தில் அடங்கும். டோல்கேட்டை நெருங்கும் கார் 90-லிருந்து 36-க்கு வேகத்தைக் குறைக்கிறது, அதற்குள் 75 மீட்டர் ஓடிவிட்டது. 25² − 10² = 525. அதை 150-ஆல் வகுத்தால் 3.5 மீ/வி². இங்கே பலர் வேகங்களை முதலில் கழித்து 15 ஆக்கி, பிறகு வர்க்கம் எடுத்து 225 என்று போடுவார்கள். முதலில் வர்க்கம், பிறகு கழித்தல்.

படி 5: வேகமே தெரியாவிட்டால்

நேரமும் தூரமும் மட்டும் தெரியும், வண்டி கடைசியில் நின்றது என்றால்:

எதிர் முடுக்கம் = 2 × தூரம் ÷ நேரம்²

வண்டி நிற்பதை வீடியோ எடுத்துப் பின்னோக்கி ஓட்டினால், நின்ற நிலையிலிருந்து சீராக வேகமெடுக்கும் வண்டி கிடைக்கும். அதற்கான சூத்திரம்தான் இது. 13.5 மீட்டரில் 3 விநாடியில் நின்ற ஸ்கூட்டருக்கு 27 ÷ 9 = 3 மீ/வி². அப்படியானால் வந்த வேகம் 9 மீ/வி, மணிக்கு 32.4 கி.மீ.

படி 6: டிரைவரின் கால் பிரேக்குக்குப் போகும் முன்

சாலையின் குறுக்கே வரும் ஆட்டைப் பார்த்த கணமே டிரைவர் பிரேக் பிடித்துவிடுவதில்லை. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குப் போய் அழுத்தும்வரை வண்டி பழைய வேகத்திலேயே ஓடும். அந்தத் தூரத்தில் எதிர் முடுக்கம் கிடையாது. வேகம் × நேரம், அவ்வளவுதான். கேள்வியில் "டிரைவர் தடையைக் கண்டதிலிருந்து நின்றதுவரை" என்றிருந்தால் கணக்கை இரண்டாக வெட்டுங்கள். மொத்தத் தூரத்தையும் படி 4 சூத்திரத்தில் போட்டால், எதிர் முடுக்கம் உண்மையைவிடக் குறைவாக வரும்.

இதற்கு இரண்டு நாட்டு அட்டவணைகளை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் சாலை விதிநூலில் நிற்கும் தூரங்கள் அச்சிட்டிருக்கும். மணிக்கு 30 மைல் என்றால் யோசிக்கும் தூரம் 9 மீட்டர், பிரேக் தூரம் 14 மீட்டர். 70 மைல் என்றால் 21 மீட்டரும் 75 மீட்டரும். எதிர் முடுக்கம் எவ்வளவு என்று அதில் போட்டிருக்காது. நாமே தோண்டி எடுக்கலாம். 30 மைல் என்பது 13.4 மீ/வி. வர்க்கம் 180, அதை 28-ஆல் வகுத்தால் 6.4. 70 மைல் என்பது 31.3 மீ/வி. வர்க்கம் 980, அதை 150-ஆல் வகுத்தால் 6.5. ஆக எல்லா வேகத்துக்கும் ஏறக்குறைய ஒரே எதிர் முடுக்கத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். யோசிக்கும் நேரம்? 9 ÷ 13.4 = 0.67. 21 ÷ 31.3 = 0.67. ஒரு விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு.

இப்போது நம் ஊர். நெடுஞ்சாலை வடிவமைப்புக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற சாலைப் பொறியாளர் அமைப்பு வகுத்த நெறிமுறையில் டிரைவருக்கு 2.5 விநாடி கொடுக்கிறார்கள். 100 கி.மீ. வேகத்துக்கு உராய்வு எண் (டயரைச் சாலை எவ்வளவு பிடிக்கிறது என்பதன் அளவு; படி 7-ல் விவரம்) 0.35 மட்டும்தான். அதாவது எதிர் முடுக்கம் 0.35 × 9.8 = 3.43. கணக்குப் போடுவோம்: 27.78 × 2.5 = 69 மீட்டர் யோசிப்பதற்கு. 772 ÷ 6.86 = 113 மீட்டர் பிரேக்குக்கு. மொத்தம் 182. நெறிமுறையில் 100 கி.மீ. வேகத்துக்குக் கொடுத்திருக்கும் பார்வைத் தூரம் 180 மீட்டர்.

பிரிட்டனில் 6.5, இங்கே 3.43. இங்கே வண்டிகள் மோசம் என்று அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். முன்னது, கவனமாக ஓட்டும் காரோட்டிக்குச் சொல்லும் கணக்கு. பின்னது சாலை போடும் பொறியாளருக்கானது. தேய்ந்த டயரும், மழை ஈரமும், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டிரைவரும் சேர்ந்து வந்தாலும் வளைவுக்கு அப்பால் நிற்பதைப் பார்த்து நிறுத்த இடம் வேண்டும் என்று அவர் நினைக்க வேண்டும். என்னைக் கேட்டால், சாலையில் போகும்போது 2.5 விநாடியையே நம்புவேன்.

படி 7: 9.8 ஏன் எல்லை?

வண்டியை நிறுத்துவது பிரேக் என்று சொல்கிறோம். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது சாலை. டயரைச் சாலை பின்னோக்கிப் பிடித்து இழுக்கும் விசை, உராய்வு எண் × வண்டியின் எடை என்ற அளவைத் தாண்டாது. எடை என்பது நிறை × 9.8. முடுக்கம் வேண்டுமென்றால் விசையை நிறையால் வகுக்க வேண்டும். வகுத்ததும் நிறை அடிபட்டுப் போய்விடுகிறது:

அதிகபட்ச எதிர் முடுக்கம் = உராய்வு எண் × 9.8

காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயருக்கு உராய்வு எண் சுமார் 0.7 என்று வைத்தால் 6.9 மீ/வி². ஈரச் சாலையில் 0.4 என்றால் 3.9. 60 கி.மீ. வேகத்துக்கு முதலாவது 20 மீட்டர், இரண்டாவது 35 மீட்டர். உராய்வு எண் 1-ஐத் தாண்டுவது பந்தயக் கார் டயர் போன்றவற்றுக்குத்தான். அதனால்தான் சாதாரண வண்டிக்கு 9.8 ஒரு வேலி.

சக்கரம் பூட்டிக்கொண்டு டயர் சறுக்க ஆரம்பித்தால் உராய்வு இன்னும் குறையும், ஹேண்டிலும் பேச்சைக் கேட்காது. ஏபிஎஸ் செய்வது சக்கரத்தைப் பூட்டவிடாமல் விட்டுவிட்டுப் பிடிப்பதைத்தான். 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் அது கட்டாயம்.

இதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் விபத்து நடந்த இடத்தில் உள்ள டயர் தடத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். 20 மீட்டர் தடம், உராய்வு எண் 0.7 என்றால் 2 × 6.86 × 20 = 274. அதன் வர்க்கமூலம் 16.6 மீ/வி, மணிக்கு சுமார் 60 கி.மீ. "நாற்பதுலதான் சார் வந்தேன்" என்பவருக்குச் சாலையே பதில் சொல்லிவிடும்.

நிறை அடிபட்டுப் போகிறது என்றால், ஓவர்லோடு லாரியும் காலி லாரியும் ஒரே தூரத்தில் நிற்குமா? நிற்காது. டயரின் பிடிமானம் எல்லையாக இருக்கும்வரைதான் மேலே சொன்னது செல்லும். பிரேக்கின் பலமே எல்லையாகிவிட்டால் கதை வேறு. 12 டன் பஸ்ஸை 2 மீ/வி² அளவில் நிறுத்த 24,000 நியூட்டன் விசை வேண்டும். பிரேக் தரக்கூடியது அவ்வளவுதான் என்றால், அதே பஸ் 16 டன் ஆகும்போது கிடைப்பது 1.5 மட்டும்.

மலைப்பாதையில் இறங்கும்போது சரிவு வேறு பங்கு கேட்கும். 12 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சாலையில் 9.8 ÷ 12, அதாவது சுமார் 0.8 மீ/வி² கழிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் சூடு. மேலே சொன்ன 12 டன் பஸ்ஸை 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் 16.7 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாக இறங்கும். 30 டிகிரியில் இருக்கும் ஐந்தரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஏறின கியரிலேயே இறங்கு என்று அனுபவப்பட்ட டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

ரயிலுக்கு இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம். பிடிமானம் மிகக் குறைவு. 110 கி.மீ. வேகத்தில் வரும் ரயிலுக்கு எதிர் முடுக்கம் 0.5 என்று வைத்துக்கொள்வோம். 30.56² ÷ 1 = 934 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்.

பத்துக் கிலோமீட்டர்தானே?

எல்லாப் படியும் கைவந்துவிட்டால் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. ஒன்று 60, இன்னொன்று 70. இரண்டு டிரைவரும் ஒரே கணத்தில் குறுக்கே விழுந்த மரத்தைப் பார்க்கிறார்கள். இருவருக்கும் யோசிக்க 1.5 விநாடி, எதிர் முடுக்கம் 6 மீ/வி².

60-ல் வந்தவர் யோசிக்க 25 மீட்டர், பிரேக்கில் 23 மீட்டர், மொத்தம் 48 மீட்டரில் மரத்துக்கு மயிரிழை முன்னால் நிற்கிறார். 70-ல் வந்தவர் யோசிக்கும்போதே 29 மீட்டர் போய்விட்டார். மிச்சம் இருப்பது 19 மீட்டர். அவருடைய வேகம் 19.44 மீ/வி, வர்க்கம் 378. அதிலிருந்து 2 × 6 × 19 = 228-ஐக் கழித்தால் 150. வர்க்கமூலம் 12.2 மீ/வி.

மணிக்கு 44 கி.மீ. வேகத்தில் மரத்தில் மோதுகிறார். வித்தியாசம் பத்துதான். வகுப்பில் இதைப் போட்டு முடித்ததும் யாராவது ஒருவர் "சார், கணக்குத் தப்பு" என்பார். திரும்பப் போடச் சொல்வேன். அதே 44 வரும்.

நீங்களே அளந்து பாருங்கள்

காரின் உள்கண்ணாடியில் சாமி டாலரோ பொம்மையோ கயிற்றில் தொங்கும். பிரேக் போட்டால் அது முன்னால் சாயும். சீராகப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போது கயிறு செங்குத்திலிருந்து எவ்வளவு கோணம் சாய்ந்திருக்கிறதோ, அந்தக் கோணத்தின் டேஞ்சன்ட்டை 9.8-ஆல் பெருக்கினால் எதிர் முடுக்கம். 5 டிகிரிக்கு 0.86, 10 டிகிரிக்கு 1.7, 15 டிகிரிக்கு 2.6, 20 டிகிரிக்கு 3.6. பின்சீட்டில் இருப்பவர் பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுத்து, பிறகு நிறுத்திக் கோணமானியை வைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் இந்த வேலையில் இறங்கக் கூடாது. முதலில் ஒருமுறை அதிகமாக ஊசலாடும். அது அடங்கியபின் உள்ள கோணத்தை எடுங்கள்.

போனிலேயே முடுக்கமானி இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி அதன் அளவை வரைபடமாகக் காட்டும். சராசரிக்கும் உச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க இது நல்ல வழி.

எனக்குப் பிடித்தது சைக்கிள் சோதனைதான். மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப்ஸ் டியூபை ஒரு தண்ணீர் பாட்டிலில் செருகி, முனை தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி சைக்கிளில் கட்டுங்கள். டியூபில் உள்ள உருளையைத் திருகி விநாடிக்கு 4 சொட்டு விழும்படி வையுங்கள். காய்ந்த சிமென்ட் தரையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டி, பின் பிரேக்கை மட்டும் ஒரே அழுத்தத்தில் பிடித்து நிறுத்துங்கள். நிற்கும் வரை கையைத் தளர்த்தாதீர்கள்.

தரையில் சொட்டுகளின் இடைவெளி குறைந்துகொண்டே வரும். டேப்பை வைத்து அளந்தால் 83, 68, 52, 36, 21, 5 செ.மீ. என்பதுபோல ஒரு வரிசை கிடைக்கும். அடுத்தடுத்த இடைவெளிகளைக் கழியுங்கள்: 15, 16, 16, 15, 16. சராசரி 15.6 செ.மீ., அதாவது 0.156 மீட்டர். இதைச் சொட்டுக்கும் சொட்டுக்கும் உள்ள நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 0.25 × 0.25 = 0.0625. விடை 2.5 மீ/வி². சொட்டு விழுவதற்குள் கொஞ்சம் முன்னால் போய்விடுவதால் இடைவெளிகள் ஒவ்வொன்றும் ஒரே அளவு சுருங்கித்தான் பதியும். கழித்தலில் அந்தச் சுருக்கம் அடிபட்டுவிடும், கவலை வேண்டாம்.

வித்தியாசங்கள் தாறுமாறாக வந்தால் கை பிரேக்கில் சீராக இல்லை என்று அர்த்தம். சைக்கிள் நின்ற இடத்தில் சொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சின்னதாகத் தண்ணீர் தேங்கியிருக்கும். அதைத் துடைத்துவிட்டு, அடுத்த முறை இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள்.